மருதையன் பேசிய கேசட்

ஜெயசாரதி கடைசியில் சாகாமல் முடிந்த படம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் படத்தை எங்கள் ஊரில் யாரும் மன்னிக்கவில்லை. நீடாமங்கலம் கொட்டகையில் நாலாம் நாளே பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மன்றத் தலைவன் மருதையன் சென்னைக்குக் கடிதம் போட்டான். தாங்கள் பிழைத்துக்கொண்டது எங்களுக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்துள்ளது, இனி வரும் படங்களில் இதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்தவன் நான். மன்றச் செயலாளர் பஞ்சநதம், பஞ்சநதம் சவுண்டு சர்வீஸ் உரிமையாளர் என்று கீழே கையெழுத்தும் போட்டேன். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த படத்தில் இடைவேளைக்குப் பத்து நிமிஷம் கழித்தே இறந்துவிட்டார். எங்கள் கடிதத்தைப் படித்திருக்கிறார் என்று மருதையன் ஊர் முழுக்கச் சொன்னான்.

எல்லா ஊரிலும் அடித்து ஜெயிக்கிறவனுக்குத்தான் மன்றம் இருக்கும். எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு தலைவர் என்று கேட்டால் என்னிடம் ஒரு பதில் உண்டு. சேற்றுப்புண்ணோடு வரப்பில் நடக்கிறவனுக்கு, பத்துப் பேரை ஒரே ஆளாகத் தூக்கி வீசுகிறவனைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். மேட்டூரில் தண்ணீர் திறப்பார்கள் என்று நாற்று விட்டு, அந்த நாற்று முற்றி மாட்டுக்குப் போனதைப் பார்த்தவனுக்கு, தோற்றுப் போகிறவன்தான் ஒட்டும் உறவும். ஜெயசாரதி எங்களுக்குப் பங்காளி. அவர் திரையில் இருமினால் முன்வரிசையில் யாராவது எழுந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்களோ என்று இருக்கும்.

மருதையன் அவரை அப்படியே செய்வான். உருவத்தில் ஒரு ஒற்றுமையும் கிடையாது. அவர் சிவப்பு, இவன் கறுப்பு. அவர் ஒல்லி, இவன் மண்வெட்டி பிடித்துத் தோள் அகன்றவன். வாயைத் திறந்தால் மட்டும் அவர்தான். நடவு வயலில் பெண்கள் கேட்பார்கள், மருதையா, அந்தச் சூளைப் படத்துல அப்பன் செத்த எடத்தச் செய்யேன் என்று. நாற்றுமுடியைப் பரப்பிக்கொண்டே ஆரம்பிப்பான். முதலில் கீழுதடு நடுங்கும். இடது கண்ணில் மட்டும் நீர் கட்டும். அதைத் துடைக்க மாட்டான். தலைவர் இடது கண்ணைத் துடைக்கவே மாட்டார். குனிந்து நட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் அப்படியே அழுவார்கள். கண்ணைத் துடைக்கக் கை சேறாக இருப்பதால் தோளில் துடைத்துக்கொள்வார்கள். அழுது முடித்துவிட்டு, நல்லாருடா தம்பி என்று சொல்லி அடுத்த பாத்திக்குப் போவார்கள்.

அழாதவள் ஒருத்தி உண்டு. அவன் பெண்டாட்டி செவ்வந்தி. கல்யாணமான புதிதில் தலைவர் படத்துக்கு அழைத்துப் போனான். படம் முடிந்து வெளியே வந்ததும், அந்த ஆள ஏன் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டல என்று கேட்டாளாம். அதற்கப்புறம் அவளை அழைத்துப் போவதை விட்டுவிட்டான். ஆனால் அவள்மேல் உயிராக இருந்தான். ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று பேசியபோதும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நான் யோக்கியன் மாதிரி ஆகிவிடும். மருதையனுக்குச் சொந்தமாக அழத் தெரியாது. அவன் அப்பா துரைக்கண்ணு இறந்த அன்று பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு கல்லு மாதிரி நின்றான். பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு விடலையே என்று பெண்கள் காதுபடவே பேசினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் நான் குளிக்கப் போனபோது, வாய்க்கால் கரையில் மூங்கில் கொத்துக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது. அந்தச் சூளைப் படத்துக் காட்சியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை விடாமல், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை. எதிரே யாரும் இல்லை. இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. நான் கரையில் உட்கார்ந்து முடிகிற வரைக்கும் கேட்டேன். அன்றைக்கு நான் கைதட்டவில்லை. அவன் தன் அப்பாவுக்குத்தான் அழுகிறான், அழுவதற்கு அவனிடம் வேறு வார்த்தை இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

தொண்ணூற்றைந்தில் அவன் குவைத்துக்குப் போனான். சாமா அய்யர் நிலத்தில் ஒன்றரை ஏக்கர் குத்தகை பார்த்துக்கொண்டிருந்தான். அவர் மகன் ஹரிசங்கர் அமெரிக்காவில் நிலைத்துவிட்டதால், அய்யர் நிலத்தை விற்றுவிட்டுப் பெங்களூரில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டார். வாங்கியவர் சொந்தத்தில் பயிர்வைத்துக்கொண்டார். அந்த வருஷம் குறுவையும் இல்லை. எங்கள் தெருவில் வேட்டி கட்டினவர்கள் பாதிப் பேர் திருப்பூர் போனார்கள். மிச்சப் பேர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார்கள். மருதையனுக்குத் திருச்சி ஏஜெண்டு ஒருவர் கட்டிட வேலை என்று சொல்லி அனுப்பினார். அங்கே போய்ப் பார்த்தால் கல் அறுக்கிற பட்டறை. பளிங்குக் கல்லை மெஷினில் வைத்து அறுப்பது, தேய்ப்பது. இரண்டு வருஷ ஒப்பந்தம்.

எழுதப் படிக்க அவனுக்கும் செவ்வந்திக்கும் தகராறு. அதனால் கடிதத்துக்குப் பதில் கேசட். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் இதுதான் பழக்கம். புதுக் கேசட் ஒவ்வொரு தடவையும் யார் வாங்குவது. ஒரே கேசட்தான் போய்ப் போய் வரும். ஒரு பக்கம் அங்கிருந்து பேசுவார்கள், அதைக் கேட்டுவிட்டு மறு பக்கம் இங்கிருந்து பேசி அனுப்ப வேண்டும். போகிற வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுவது. எங்களுக்கு அப்படி வாய்த்தவர் குடவாசல் அஸார். அவர் அங்கே மளிகைக் கடையில் இருந்தார், தான் வராதபோது ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்.

செவ்வந்தியிடம் டேப்ரிக்கார்டர் கிடையாது. மருதையன் கேசட் வந்தால் என் கடையில்தான் கேட்பது. அவள் ஒருத்திக்கு வந்த கேசட்டை ஊரே கேட்கும். அதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. அவனும் ஊருக்கும் சேர்த்துத்தான் பேசுவான். மாடு கன்னு போட்டதா, வடவாற்றில் தண்ணீர் எவ்வளவு, யார் யார் செத்தார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, இப்ப தலைவரோட சீனு என்பான். ஒரு காட்சியைச் செய்வான். அதோடு முடித்துவிடுவான். முதல் மூன்று தடவையும் அப்படித்தான் முடிந்தது. நாங்கள் கைதட்டுவோம், மறு பக்கத்தில் அதைப் பதிவு செய்து அனுப்புவோம். கைதட்டலைக் கேட்டால் அவனுக்கு ஊரில் இருக்கிற மாதிரி இருக்குமாம்.

நாலாவது தடவை கேசட் தொண்ணூற்றாறு கார்த்திகையில் வந்தது. எட்டு நாள் அடைமழை. சம்பாப் பயிர் கழுத்துவரை தண்ணீரில் நின்றது. களை எடுப்பு இல்லை, உரம் வீச முடியாது. வேலை இல்லாத ஆட்கள் எல்லாம் என் கடையில் வந்து குந்தியிருந்தார்கள். தங்கச்சி பர்வின் கல்யாணத்துக்கு ஒரு வார லீவில் வந்திருந்த அஸார், திரும்புவதற்கு முதல் நாள்தான் எங்கள் ஊருக்கு வர முடிந்தது. நனைந்துகொண்டே வந்து கேசட்டைக் கொடுத்தார். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கணும்ணே, பதில் பேசி இப்பயே கொடுத்தாக் கொண்டுபோயிருவேன் என்றார். ஆள் அனுப்பிச் செவ்வந்தியை வரச் சொன்னோம். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள், சாக்கை மழைக்குக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

அந்தத் தடவை அவன் விசாரிப்பு எல்லாம் குறைவு. குரல் கம்மியிருந்தது. ஆஸ்பத்திரி சீனு என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பித்தான். தலைவர் கட்டிலில் கிடந்துகொண்டு பெண்டாட்டியிடம் பேசுகிற இடம். எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

"வலிக்குதுன்னு சொன்னா நீ அழுவ. வலிக்கலைன்னு சொன்னா நான் அழுவேன். எதம்மா சொல்லட்டும்?"

அந்த இடத்தில் தலைவர் இருமுவார். மருதையனும் இருமினான். அப்படி ஒரு இருமலை நாங்கள் கேட்டதில்லை. அடிவயிற்றில் தொடங்கி மேலே வந்து, நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் கிளம்பியது. ஒருவன் தொடையைத் தட்டினான். தலைவருக்கே இந்த இருமல் வராது என்றான். அப்புறம் மருதையன் அழுதான். வார்த்தை எல்லாம் படத்து வார்த்தைதான். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. கடைசி வசனம் முடிந்து கேசட்டில் சத்தம் நின்றது. கடை அதிரக் கைதட்டினோம். நான் பொத்தானை அமுக்கி நிறுத்தினேன். பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். மறுபடி கைதட்டல். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். இருமல் மட்டும் போதும் என்றான் ஒருவன்.

செவ்வந்தி வாசலிலிருந்து கேட்டாள்.

"அதுக்கப்புறம் ஒண்ணும் பேசலியாண்ணே?"

"இல்ல தங்கச்சி. சீனோட முடிச்சிடுவான்ல எப்பவும்" என்றேன்.

அவள் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். எதுக்கும் ஓட விட்டுப் பாருங்களேன் என்றாள். அஸார் மணியைப் பார்த்தார். நான் யார், மன்றச் செயலாளர். தலைவருடைய இருபத்திரண்டு படத்தின் வசனமும் எனக்கு அத்துப்படி. எந்தக் காட்சி எங்கே முடியும் என்று எனக்குத் தெரியாதா. எல்லாம் அவ்வளவுதான், நேரம் ஆகுது என்று சொல்லிக் கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

மறு பக்கத்தில் முதலில் கைதட்டலைப் பதிவு செய்தோம். பிறகு நான் பேசினேன். மருதையா, தலைவரையே தூக்கிச் சாப்பிட்டுட்ட, அந்த இருமலுக்கே நூறு நாள் ஓடும்டா என்று சொன்னேன். நான் சொன்ன அந்த வார்த்தைக்கு வாயில் புற்று வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. கடைசியில் மைக்கைச் செவ்வந்தியிடம் நீட்டினேன். அவளுக்கு அதைப் பார்த்தாலே வெட்கம். தரையைப் பார்த்துக்கொண்டு, நல்லா இருக்கோம், பயிரு தண்ணியில நிக்கிது, வடிஞ்சாப் பொழச்சுக்கும், நீங்க கவலப்படாம இருந்து முடிச்சிட்டு வாங்க என்றாள். அஸார் கேசட்டை வாங்கிப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்.

அதற்குப் பிறகு மருதையன் கேசட் அனுப்பவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

பத்து மாசம் கழித்து, புரட்டாசியில் வந்தான். மன்றத்தில் பதினைந்து பேர் மாலையோடு நீடாமங்கலம் ஸ்டேஷனுக்குப் போனோம். திருச்சி ரயிலிலிருந்து இறங்கியவனை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன்தான் எங்களைப் பார்த்து நின்றான். சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது. மாலையைப் போட்டதும், கனக்குதுடா, கழட்டிக்க என்றான். எங்கள் கூட்டத்தில் ஒரு மடையன், தலைவரே, அந்த ஆஸ்பத்திரி சீனு இருமல் ஒரு தடவ என்றான். கேட்ட நேரம், மருதையனுக்கு இருமல் வந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்துக் கைதட்டினார்கள். இருமல் நிற்கவில்லை. அவன் பிளாட்பாரத்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். கைதட்டியவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். வாயைத் துடைத்த துண்டில் ரத்தம் இருந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கல்தூசி உள்ளே போய் நெஞ்சு இறுகிவிட்டது, செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். செவ்வந்தி பார்த்துக்கொண்டாள். காலையில் மற்றவர்கள் நிலத்தில் களை எடுக்கப் போவாள். மத்தியானம் திரும்பும்போது வரப்பு வளையில் கைவிட்டு நாலு வயல்நண்டு பிடித்து வருவாள். ஓடு கழற்றி, அம்மியில் மிளகு சீரகத்தோடு வைத்துத் தட்டி, ரசம் வைப்பாள். நெஞ்சுச் சளிக்கு நண்டுரசம் கேட்கும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. கல்லுக்குக் கேட்குமா என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. வளையில் கையை விட்டு விட்டு விரலெல்லாம் கடிபட்டிருந்தது.

அந்த ரசத்தை அவன் அவள் கையால் வாங்க மாட்டான். அங்க வச்சிட்டுப் போ என்பான். அவள் அந்தப் பக்கம் போனபிறகு எடுத்துக் குடிப்பான். அவளிடம் அவன் பேசிய வார்த்தைகளை நான் எண்ணிச் சொல்லிவிடுவேன். ம், வேண்டாம், வச்சிட்டுப் போ. அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நோவு வந்தவனுக்குக் கோபம் வரும், அது வழக்கம். இது கோபம் இல்லை. அந்நிய வீட்டில் தங்க வந்தவன் மாதிரி, தொந்தரவு கொடுக்காமல் மரியாதையாகக் கிடந்தான். கயிற்றுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருப்பான்.

ஒரு நாள் செவ்வந்தி கடைக்கு வந்தாள். களை எடுத்த கையைக்கூடக் கழுவவில்லை.

"நான் என்ன தப்புண்ணே பண்ணுனேன்? டாக்டர் நாள் சொல்லிட்டாரு. அதுக்குள்ள என்னன்னு தெரிஞ்சாக் கால்ல விழுந்துருவேன். என்னன்னே தெரியாம எதுக்கு விழுவுறது?"

அன்று சாயங்காலமே போய் அவனிடம் கேட்டேன். முதலில் விட்டுடுடா என்றான். நான் விடவில்லை. மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னான்.

"அந்த நாலாவது தடவ கேசட்டுல சீனு முடிஞ்சதும் செத்த நேரம் சும்மா இருந்தேன். தைரியம் வரல. அப்புறம் நானாப் பேசுனேன் பஞ்சு. என் பேச்சு. கால் மணி நேரம். பொறந்ததுலேருந்து நான் அப்படிப் பேசுனது கிடையாது. அதையும் எல்லாரும் கேட்டுட்டு, கைதட்டி அனுப்புனீங்க. அத விடு. ஊருக்கு எல்லாம் சினிமாதான். ஆனா அவ கேட்டாள்ல? கேட்டுட்டு, இருந்து முடிச்சிட்டு வாங்கன்னாள்ல?"

பொத்தானை அமுக்கியது எந்த விரல் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், நாங்கள் அதைக் கேட்கவே இல்லை என்று. அதைச் சொல்லாமல், அந்தக் கேசட் எங்கே என்று மட்டும் கேட்டேன். நாடாவை உருவித் தூர எறிஞ்சிட்டேன் என்றான். மழை வர்ற மாதிரி இருக்கு, செட்டெல்லாம் வெளியில கிடக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

செவ்வந்தியிடம் என்ன சொன்னேன் தெரியுமா. நோவு அப்படித்தாம்மா, மனசுல வச்சுக்காத என்றேன்.

தீபாவளி கழித்து அஸார் அவனைப் பார்க்க வந்தார். ஒரு டின் பால் பவுடரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டு, ரொம்ப நேரம் அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னை வாய்க்கால் மதகுவரை அழைத்துக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"ஏன்ணே அப்ப வரச் சொல்லல? பட்டறையிலயே டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு, தூசில நிக்கக்கூடாது, ஊருக்கு அனுப்புங்கன்னு. போறதுன்னா போலாம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்குறேன்னு அங்க சொல்லிட்டுத்தான் அந்தக் கேசட்ட எங்கிட்டக் குடுத்தாரு, இதெல்லாம் எனக்கே பின்னாடிதான் தெரியும். நான் திரும்பிக் கொண்டுபோய்க் குடுத்தேன். ரூமுல பத்துப் பேருக்கு நடுவுல போட்டுக் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க, ஒங்க ஊர்ல என்னமாக் கைதட்டுறாங்கன்னு. அவரும் சிரிச்சாரு. மறுநாள் காலையில மறுபடி மெஷின்ல போய் நின்னுட்டாருண்ணே. பத்து மாசம்."

நான் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அஸாரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகும் ஒன்பது நாள் தள்ளினேன். ஒவ்வொரு நாளும் கடையைப் பூட்டிவிட்டு அவன் வீட்டுப் பக்கம் நடப்பேன். பாதி வழியில் ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும். ஊரில் எவனுக்கும் தெரியப் போவதில்லை, கேசட்டும் இல்லை, செத்துப் போகிறவன் செத்துப் போவான் என்றுகூட நினைத்தேன். நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினமும் என் கடைவாசல் வழியாகத்தான் செவ்வந்தி அந்த நண்டுகளைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போவாள். என்னைப் பார்த்தால், இன்னிக்கு ரெண்டு வாய் கூடக் குடிச்சாருண்ணே என்பாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பத்தாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது. மருதையனை வாசலில் கட்டிலோடு போட்டிருந்தார்கள். செவ்வந்தி பக்கத்துத் தாழ்வாரத்தில் அம்மிக்கு முன்னால் இருந்தாள். நான் அவன் கால்மாட்டில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தொடங்கிவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மழை, கூட்டம், இருமல், கைதட்டல். நான் நிறுத்தியது. இரண்டு தரம் பின்னால் ஓட்டியது. செவ்வந்தி கேட்டது, நான் இல்லை என்றது. அஸார் மணி பார்த்தது. நீ பேசிய ஒரு வார்த்தையும் எங்கள் காதில் விழவில்லை, அவள் காதில் விழவே இல்லை என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் சின்ன வயசிலிருந்து தலைவர் ஒருத்தர்தானே வாத்தியார். கீழுதடு நடுங்கியது. அதை என்னால் அடக்க முடியவில்லை.

மருதையன் தலையை உயர்த்தி என்னைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நாளைக்கப்புறம் அவன் முகத்தில் ஒரு ஆர்வம் தெரிந்தது. நான் முடித்ததும் லேசாகச் சிரித்தான்.

"நல்லாத்தாண்டா செய்யுற. ஆனா இந்த எடத்துல தலைவர் அழமாட்டாரு. துண்ட வாயில வச்சுக் கடிச்சுக்குவாரு. அழுகைய அடுத்த சீனுக்கு வச்சிருப்பாரு."

"நடிப்பு இல்லடா மருதையா."

"அதையும் சொல்லுவாரு" என்றான்.

என் மனசு தேறுவதற்காகச் சொல்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் நம்பவில்லை. பெண்டாட்டியைக் காப்பாற்றுவதற்காக, சாகப் போகிறவன் முன்னால் நண்பன் ஒரு காட்சி செய்கிறான் என்றே நினைத்தான். அதற்காக என்மேல் அவனுக்குக் கொஞ்சம் பிரியம்கூட வந்திருந்தது. என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டேன். கடிப்பதற்கு இல்லை, சத்தம் வந்தால் அதையும் ரசிப்பான் என்ற பயம்.

அம்மிச் சத்தம் நின்றிருந்தது. செவ்வந்தி எப்போது எழுந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. கையில் நண்டுச் சாறும் மிளகும் ஒட்டியிருக்க, தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் பக்கமே பார்க்கவில்லை. தவலைத் தண்ணீரில் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். கட்டிலைச் சுற்றிச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் போய், அவன் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். இனி அவன் திரும்ப வேண்டுமானால் வெயில் பக்கம்தான் திரும்ப வேண்டும்.

"நான் கேக்கலங்க" என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்புறம் பேசலியான்னு இந்த அண்ணன்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன். இல்லன்னாரு. நம்பிட்டேன். புடிவாதமா இன்னொரு தடவ கேட்டிருக்கணும். கேக்கல. அதுதான் என் தப்பு. இருந்து முடிச்சிட்டு வாங்கன்னது, நீங்க சொன்னதுக்குச் சொன்ன பதில் இல்ல. எல்லாரும் சொல்றதச் சொன்னேன்."

அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. மருதையன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். உலகத்தில் எத்தனை விதமாக அழலாம் என்று கற்று வைத்திருந்தவன், அழாமல் இருந்த அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்கு அப்போது புரிந்தது. புரிந்ததை நான் பார்த்தேன். என்னை அவன் நம்பாததற்கு எனக்கு வருத்தமே இல்லை, அவளை நம்பினானே.

"அந்தக் கால் மணி நேரமும் என்னங்க சொன்னீங்க?" என்றாள். "இப்ப சொல்லுங்க. கேக்குறேன்."

அவன் பேசப் பார்த்தான். முதல் வார்த்தைக்கே இருமல் வந்தது. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவன் தடுக்கவில்லை. மறுபடியும் முயன்றான். கால் மணி நேரம் பேசுவதற்கு அவனிடம் மூச்சு இல்லை. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, எதைச் சொல்வது, எதை விடுவது என்று யோசிக்கிறவன் மாதிரிக் கிடந்தான். நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகாமல் நின்றேன்.

"வரட்டுமான்னு கேட்டேன்" என்றான்.

"வாங்க" என்றாள் செவ்வந்தி.

அதற்கப்புறம் பதினோரு நாள் அவன் அந்த வீட்டில் இருந்தான்.